சமையல் மேடைக்கு ஏற்ற கல்: தேர்வும் சோதனையும்

பெங்களூர் மாநகரின் தென்கிழக்கே அமைந்த விவேக் நகர், குழந்தை இயேசு திருத்தலத்தால் பலரும் அறிந்த இடமாகும். தமிழும் கன்னடமும் பிற மொழிகளும் பேசும் குடும்பங்கள் அங்கு நெருங்கி வாழ்கின்றன. மனைகள் சிறியவை, சந்துகள் குறுகியவை. இத்தகைய பகுதியில் ஒரு வீட்டின் சமையலறை புதுப்பிக்கப்படும்போது நிகழ்வது கவனிக்கத் தக்கது. மெருகேற்றிய கற்பலகை சிறு வண்டியில் வந்து வாயிலில் இறங்குகிறது. கல் பதிப்போர் அளவெடுத்து, கையில் பிடிக்கும் மின்வெட்டியால் அங்கேயே அதனை அறுக்கின்றனர். மாவு போன்ற வெண்தூசி எழுந்து சந்தெங்கும் பரவுகிறது. அண்டை வீட்டார் சன்னல்களை அடைக்கின்றனர். மாலைக்குள் மேடை அமைந்துவிடுகிறது. மறுநாள் அதன்மீது அடுப்பு ஏற்றப்படுகிறது.

இக்காட்சியில் இரு வினாக்கள் எழுகின்றன. அன்றாடச் சமையலுக்கு எந்தக் கல் ஏற்றது என்பது முதல் வினா. அக்கல்லை எவ்விடத்தில், எம்முறையில் அறுக்க வேண்டும் என்பது இரண்டாவது. முதல் வினாவை எல்லாரும் கேட்கின்றனர். இரண்டாவதைக் கேட்போர் சிலரே. ஆயினும் இரண்டிற்கும் விடை ஒன்றிலேயே அடங்கியுள்ளது. அது கல்லினுள் இருக்கும் கனிமம். கல்லுக்கு உறுதியும் அமிலத்தைத் தாங்கும் தன்மையும் அளிக்கும் கனிமமே, தூசியாகி நுரையீரலுள் புகும்போது உயிருக்குக் கேடு விளைக்கிறது.

மேடையிடம் வேண்டுவன யாவை?

தமிழர் சமையலில் புளி, எலுமிச்சை, தக்காளி, தயிர் ஆகியவை நாள்தோறும் இடம்பெறுகின்றன. புளியில் டார்டாரிக் அமிலமும், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும், தயிரில் லாக்டிக் அமிலமும் உள்ளன. ஆகவே மேடை அமிலத்தால் அரிக்கப்படாததாக இருத்தல் வேண்டும். மஞ்சளும் எண்ணெயும் சிந்தும் இடமாதலால், அது கறைகளை உள்ளே இழுத்துக்கொள்ளாததாகவும் இருக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரங்களும் இரும்புச் சட்டிகளும் உராய்வதால் கீறல் விழாத கடினம் தேவை. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் வெப்பத்தைத் தாங்குதலும், ஈரத்தால் ஊறி உப்பாதிருத்தலும் பிற தேவைகளாம். நிறமும் பளபளப்பும் இவற்றுக்குப் பின்னரே எண்ணத் தக்கவை. ஆனால் கடையில் பெரும்பாலும் நிறமே முதலில் பார்க்கப்படுகிறது.

காலடியில் உள்ள பாறை

விவேக் நகருக்குச் சில கிலோமீட்டர் மேற்கே லால்பாக் தோட்டம் உள்ளது. அங்கே கெம்பே கௌடரின் கோபுரத்தைத் தாங்கி நிற்கும் பெரும் பாறை, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையால் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதாகும். அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். வெளிர்நிறப் பட்டைகளும் கருநிறப் பட்டைகளும் மாறி மாறி அமைந்த இப்பாறை வகைக்கு ‘நைஸ்’ என்று பெயர். தென்னிந்தியாவில் பரந்து கிடக்கும் இவ்வகைப் பாறைக்குத் ‘தீபகற்ப நைஸ்’ என்னும் பெயரை, மைசூர் அரசின் புவியியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் 1916இல் வழங்கினார்.

பெங்களூருக்குத் தென்மேற்கே ராமநகரத்தில் எழுந்து நிற்கும் மொட்டைக் குன்றுகள் வேறொரு வகையைச் சேர்ந்தவை. அவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் குழம்பாக இருந்து குளிர்ந்து இறுகிய கிரானைட் ஆகும். ராமநகரத்தின் பழைய ஆங்கிலப் பெயரைக் கொண்டு இதனைக் ‘குளோஸ்பேட் கிரானைட்’ என்பர். இவற்றின் ஊடே, நிலத்தின் வெடிப்புகளில் கருங்குழம்பு ஏறி உறைந்த சுவர் போன்ற பாறைகளும் பல இடங்களில் உள்ளன. இவை டோலரைட் எனப்படும். கனகபுரா, சாமராஜநகர் வட்டாரங்களில் வெட்டப்படும் கருங்கற்களில் பல இவ்வகையினவே. தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டமும் கற்பலகைகளுக்குப் பெயர் பெற்றது. பெங்களூருக்குத் தெற்கே ஜிகணியில் இக்கற்களை அறுத்து மெருகேற்றும் தொழிற்கூடங்கள் மிகுதி. எனவே நகரத்தில் வாழும் ஒரு குடும்பம் தன் மேடைக்கு வேண்டிய கல்லை வெகு தொலைவிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை.

‘கிரானைட்’ என்னும் கடைப்பெயர்

புவியியலார் கிரானைட் என்பது ஒரு குறிப்பிட்ட பாறையையே. குவார்ட்ஸ், பெல்ஸ்பார் என்னும் இரு கனிமங்கள் அதில் முதன்மையானவை. அபிரகம் முதலியன சிறிதளவு கலந்திருக்கும். கல் வணிகத்திலோ அச்சொல் மிக விரிந்த பொருளில் வழங்குகிறது. நைஸ், டோலரைட், சார்னோகைட் முதலிய மெருகேறும் கடினப் பாறைகள் அனைத்தும் கடையில் கிரானைட் என்றே அழைக்கப்படுகின்றன. இதில் வஞ்சகம் ஏதும் இல்லை. அது தொழிலின் வழக்கு. ஆயினும் ஒரே பெயரைத் தாங்கிய இரு பலகைகளின் இயல்பு ஒன்றாக இராது என்பதை வாங்குவோர் அறிந்திருத்தல் நலம்.

டோலரைட் நுண்ணிய மணிகளால் ஆனது, அடர்த்தி மிக்கது, நீரை மிகக் குறைவாகவே ஏற்கும். அதில் குவார்ட்ஸ் மிகச் சிறிதே உண்டு, அல்லது இல்லை. இளஞ்சிவப்பு அல்லது சாம்பல் நிறக் கிரானைட்டில் குவார்ட்ஸ் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது. பெரும்பாலும் அதனினும் மிகுதியாகவே இருக்கும். வெண்ணிறக் கற்களுள் சில, மணிகளுக்கிடையே நுண்ணிய இடைவெளிகள் கொண்டவை. அவை எண்ணெயை இழுத்துக்கொள்ளும். அவற்றிலுள்ள இரும்புச் சத்து ஈரத்தால் துருவாகி மஞ்சள் புள்ளிகளாக வெளிப்படுதலும் உண்டு. பூசைமாடத்துக்கு அழகாக அமையும் வெண்கல் அடுப்பருகே அவ்வாறு நிலைப்பதில்லை.

சுண்ணாம்புக் கற்கள்

பழைய வீடுகளின் மேடைகளில் கடப்பைக்கல் மிகுதியாகக் காணப்படும். ஆந்திரத்தின் கடப்பை வட்டாரத்தில் கிடைக்கும் இக்கல் பார்வைக்குக் கருமை, விலை குறைவு. கர்நாடகத்தின் வடபகுதியிலிருந்து வரும் ஷாகாபாத் கல், இராசஸ்தானத்தின் கோட்டா கல் ஆகியவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. மூன்றும் சுண்ணாம்புக் கற்களே. சலவைக்கல்லும் சுண்ணாம்புக்கல் நிலத்தினுள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறி உண்டானதே. இவை அனைத்திலும் முதன்மையான கனிமம் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட்.

கால்சியம் கார்பனேட்டின்மீது அமிலம் பட்டால் கரியமில வாயு வெளிப்பட்டு, கல் சிறிது சிறிதாகக் கரைகிறது. எலுமிச்சை மூடியைச் சலவைக்கல் மேடையில் கவிழ்த்து வைத்து எடுத்தால் வட்டமான மங்கல் தடம் எஞ்சுவது இதனாலேயே. பலரும் இதனைக் கறையென எண்ணித் தேய்க்கின்றனர். அது கறையன்று, கல்லின் மேற்பரப்பே அரிக்கப்பட்ட புண்ணாகும். எத்துணை தேய்த்தாலும் அது போகாது. மீண்டும் மெருகேற்றினாலன்றித் தீராது.

இதனால் சுண்ணாம்புக் கற்கள் பயனற்றவை என்று கொள்ளலாகாது. தரைக்கும் அலமாரித் தட்டுக்கும் அவை நன்கு உதவும். மேடையின் அடித்தாங்கலாகக் கடப்பைப் பலகையை வைத்து, அதன்மேல் கிரானைட்டைப் பதிப்பது நெடுங்கால வழக்கம். மேற்பரப்பாக, புளியும் எலுமிச்சையும் படும் இடத்தில் வைப்பதே பொருந்தாதது.

நான்கு எளிய சோதனைகள்

கல்லின் இயல்பை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கடையில் கேட்டால் அறுத்தெஞ்சிய துண்டு ஒன்று கிடைக்கும். வாங்கவிருக்கும் பலகையிலிருந்தே அல்லது அதே வகைப் பலகையிலிருந்து அது எடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். கீழ்க்காணும் சோதனைகளை அத்துண்டில் செய்யலாம். பள்ளி ஆசிரியர்கள் இவற்றை வகுப்பிலும் நிகழ்த்திக் காட்டலாம்.

சோதனை 1: கடினம். செருமானியக் கனிமவியலார் பிரெடெரிக் மோஸ் 1812இல் வகுத்த அளவையில் கால்சைட்டின் கடினம் 3. பெல்ஸ்பாரின் கடினம் 6. குவார்ட்ஸின் கடினம் 7. எஃகுக் கத்தியின் கடினம் ஏறத்தாழ 5½. எனவே கத்திமுனையை அழுத்தி இழுத்தால் சுண்ணாம்புக் கல்லில் பள்ளமான கீறல் விழும். கிரானைட்டில் பெரும்பாலும் கல்லின்மேல் எஃகு தேய்ந்த சாம்பல்நிறக் கோடே தோன்றும். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால் கீறல் எது, கோடு எது என்பது புலனாகும்.

சோதனை 2: அமிலம். துண்டின் மெருகேற்றிய முகத்தில் எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்டு அரைமணி நேரம் கழித்துக் கழுவி உலர்த்துக. பின்னர் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்து நோக்குக. மெருகு மங்கியிருப்பின் அக்கல்லில் கால்சைட் உள்ளது. கடப்பைக்கல்லும் கரிய டோலரைட்டும் அருகருகே வைத்தால் நிறத்தால் வேறுபடுத்துதல் அரிது. எலுமிச்சையோ ஐயமின்றி வேறுபடுத்திவிடும்.

சோதனை 3: நீருறிஞ்சல். நீர்த்துளி ஒன்றையும் எண்ணெய்த் துளி ஒன்றையும் இட்டுப் பதினைந்து நிமிடம் சென்றபின் துடைக்க வேண்டும். கல் அவ்விடத்தில் கருத்திருப்பின் அது நீரை உள்ளே ஏற்கிறது என்பது பொருள். துல்லியமாக அளக்க விரும்புவோர் துண்டை நன்கு உலர்த்தி நிறுத்து, 24 மணி நேரம் நீரில் மூழ்க வைத்து, மேற்பரப்பைத் துடைத்து மீண்டும் நிறுக்கலாம். உலர்ந்த துண்டு 500 கிராமும் நனைந்த துண்டு 501 கிராமும் இருப்பின், ஏற்ற நீர் 1 கிராம், அதாவது 0.2 சதவீதம். கட்டடக் கற்களை இவ்வகையில் சோதிக்கும் முறையை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 1124ஆம் எண் தரநூல் வகுக்கிறது. நல்ல கிரானைட் அரை சதவீதத்துக்கு மேல் நீரை ஏற்காது.

சோதனை 4: சாயம். சாம்பல்நிறக் கல்லுக்குக் கருஞ்சாயமோ எண்ணெயோ ஏற்றிக் கரியகல்லாக விற்பதும் வணிகத்தில் உண்டு. நகப்பூச்சை அகற்றும் அசிட்டோன் திரவத்தில் வெள்ளைத் துணியை நனைத்து மெருகு முகத்தை அழுத்தித் துடைக்க வேண்டும். துணியில் கருமை ஒட்டினால் அது சாயமே. பலகையின் மெருகேறாத அடிப்பக்கத்தையும் உடைந்த விளிம்பையும் மேற்புறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தலும் உதவும்.

இவற்றோடு, பலகை முழுவதையும் நிறுத்தி வைத்து விரல் முட்டியால் பல இடங்களில் தட்டிப் பார்க்க வேண்டும். ஒலி தெளிவாக ஒலித்தால் நன்று. ஓரிடத்தில் மட்டும் மழுங்கிய ஒலி வந்தால் அங்கே வெடிப்பு இருத்தல் கூடும். நீர் தெளித்து உலரவிட்டால், மற்ற இடங்கள் உலர்ந்தபின்னும் வெடிப்பு ஈரக்கோடாக நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

கல்லல்லாத பொருள்கள்

துருப்பிடியா எஃகு உணவகங்களில் பெரிதும் பயன்படுகிறது. அமிலமும் வெப்பமும் அதனைத் தீண்டுவதில்லை, நீரை உறிஞ்சுவதில்லை. 304 என்னும் தரத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ளன. குரோமியம் காற்றோடு கூடி மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலமாகி எஃகைக் காக்கிறது. உப்பு நீர் நெடுநேரம் தேங்கினால் அப்படலம் துளைபடும். கீறல் எளிதில் விழுவதும் பாத்திர ஒலி மிகுவதும் இதன் குறைகள்.

மரத்தூள் பலகையின்மேல் ஒட்டிய லேமினேட் விலை குறைந்தது. எனினும் நீர்த்தொட்டியின் விளிம்பில் ஈரம் புகுந்தால் பலகை உப்பிவிடும். சூடான பாத்திரம் நிலையான வடுவை உண்டாக்கும். சிமெண்டு மேடைகளும் மொசைக் மேடைகளும் சுண்ணாம்புச் சத்து உடையவை ஆதலால் அமிலத்துக்கு இளகுவன.

அண்மைக் காலத்தில் ‘குவார்ட்ஸ் பலகை’ என்னும் செயற்கைக் கல் பெருகியுள்ளது. பொடித்த குவார்ட்ஸ் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேலும், அதனைப் பிணைக்கும் பிசின் எஞ்சிய பங்கும் சேர்த்து அழுத்தி இது செய்யப்படுகிறது. நிறம் ஒரே சீராக இருக்கும், கறை ஏறாது, அமிலம் அரிக்காது. ஆனால் பிசின் வெப்பத்தைப் பொறுக்காது. அடுப்பிலிருந்து இறக்கிய எண்ணெய்ச் சட்டியை நேரே வைத்தால் மஞ்சள் தடமோ வெடிப்போ உண்டாகலாம். இதனினும் பெரிய குறை அதனை அறுப்போர்க்கு நேர்வதாகும். அது பின்னர் விளக்கப்படும்.

உயரமும் அமைப்பும்

நல்ல கல்லும் தவறான உயரத்தில் அமைந்தால் துன்பமே தரும். மேடை தாழ்ந்திருப்பின் முதுகு வளைகிறது. உயர்ந்திருப்பின் தோள்கள் தூக்கப்படுகின்றன. நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் கழித்தால் காய் நறுக்குவதற்கேற்ற உயரம் கிடைக்கும். முழங்கை உயரம் 96 சென்டிமீட்டர் எனில் மேடை 81 முதல் 86 சென்டிமீட்டர் வரை, அதாவது 32 முதல் 34 அங்குலம் வரை இருக்கலாம். அளவெடுக்க வேண்டியது மிகுதியாகச் சமைப்பவரையே. கொத்தனாரின் வழக்கத்தை அன்று. அடுப்பு தன் உயரத்தையும் கூட்டுமாதலால், இடம் இருந்தால் அடுப்புள்ள பகுதியைச் சிறிது தாழ்த்துதல் நன்று.

எடையும் கணக்கிடத் தக்கது. 3 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் தடிப்புள்ள பலகையின் கன அளவு 0.036 கனமீட்டர். கிரானைட்டின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 2,700 கிலோகிராம். ஆகவே அப்பலகையின் எடை ஏறத்தாழ 97 கிலோகிராம். டோலரைட் எனில் 108 கிலோகிராமை எட்டும். இதனைத் தாங்கச் செங்கற்சுவர்களோ உறுதியான சட்டங்களோ போதிய நெருக்கத்தில் அமைதல் வேண்டும்.

கல் அழுத்தத்தை நன்கு தாங்கும். வளைவை அவ்வாறு தாங்காது. நீர்த்தொட்டிக்காகவும் அடுப்புக்காகவும் துளையிடும்போது முன்புறம் எஞ்சும் குறுகிய பட்டையே முதலில் முறிவது. துளையின் மூலைகள் கூராக இருப்பின் அங்கிருந்தே வெடிப்பு தொடங்கும்; மூலைகளை வளைவாக அறுத்தால் அழுத்தம் ஓரிடத்தில் குவியாது. முன்விளிம்பின் அடியில் மெல்லிய காடி ஒன்று வெட்டினால், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். கீழுள்ள அலமாரி நனையாது.

கல்லுக்குள் இருக்கும் ஆபத்து

குவார்ட்ஸ் என்பது சிலிக்கா என்னும் மணற்சத்தின் படிக வடிவம். கல்லை உலர்நிலையில் அறுக்கும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியும் பெருந்துகள் விரைவில் படிந்துவிடும். மூக்கும் தொண்டையும் அதனைத் தடுக்கும். சில மைக்ரான் அளவேயுள்ள நுண்துகள் காற்றில் நெடுநேரம் மிதந்து, நுரையீரலின் கடைக்கோடியிலுள்ள காற்றறைகளை அடைகிறது. அங்குள்ள காவல் அணுக்கள் அதனை விழுங்கி அழிக்க முயன்று தாமே அழிகின்றன. அவ்விடத்தில் தழும்பு உண்டாகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தழும்புகள் ஒன்றுசேர்ந்து நுரையீரல் இறுகுகிறது. இதுவே சிலிக்கோசிஸ் நோய். தழும்பேறிய நுரையீரலை மீண்டும் பழைய நிலைக்குக் கொணரும் மருந்து இல்லை. காசநோய் தொற்றுவதற்கும் இது வழிவகுக்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் படிகச் சிலிக்காத் தூசியைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

இந்நோய் கர்நாடகத்துக்கும் தமிழர்க்கும் புதிதன்று. பெங்களூருக்குக் கிழக்கே உள்ள கோலார் தங்க வயலில் தங்கம், குவார்ட்ஸ் பாறை நரம்புகளினுள்ளேயே கிடைத்தது. அந்நரம்புகளைத் துளைத்தும் உடைத்தும் உழைத்தோருள் பெரும்பாலோர் வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். மைசூர் அரசு 1940இல் சிலிக்கோசிஸ் விதிகளை வகுத்து, இந்நோயுற்ற தொழிலாளர்க்கு ஈட்டுத்தொகை பெற வழி செய்தது. பின்னர் 1947இல் வெளியான ஆய்வு, அங்குப் பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர்க்கு இந்நோய் இருந்ததை வெளிப்படுத்தியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதனை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்தது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. ஆனால் அங்கு நுரையீரலைப் பாழாக்கிய அதே கனிமம் இன்று வீட்டு வாயிலில் அறுக்கப்படுகிறது. சுரங்கத்துக்கு மருத்துவரும் கண்காணிப்பாளரும் இருந்தனர். வாயிலில் அறுக்கும் தொழிலாளிக்கு முகத்தில் கட்டிய கைக்குட்டை ஒன்றே காவல்; நுண்துகளை அத்துணி தடுப்பதில்லை.

சாம்பல்நிறக் கிரானைட்டைக் காட்டிலும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா பன்மடங்கு ஆதலால் அதனை அறுப்போர் சில ஆண்டுகளிலேயே கடும் நோய்க்கு ஆளாவது பல நாடுகளில் காணப்பட்டது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவ்வகைப் பலகைகளின் பயன்பாட்டையே தடை செய்தது. மெருகேறிய பலகை சமையலறையில் இருப்பதால் வீட்டார்க்குத் தீங்கில்லை. அறுத்தலும் தேய்த்தலும் துளையிடுதலுமே ஆபத்தானவை என்பதை இங்கு நினைவிற் கொள்க.

பரிகாரம் எளிது. நீரைப் பாய்ச்சியவாறு அறுத்தால் நுண்துகள் நீரோடு சேறாகிக் கீழே வடிந்துவிடும். காற்றில் பரவுவது வெகுவாகக் குறையும். இதற்குரிய பெரிய அறுவை இயந்திரம் கற்கூடங்களில் உள்ளது. ஆகவே அளவுகள் முன்னரே சரியாகக் கொடுக்கப்பட்டால் நீளம், அகலம், தொட்டித் துளை, விளிம்பு ஆகிய அனைத்தையும் கூடத்திலேயே முடித்துவிடலாம். வீட்டில் பதித்தல் மட்டுமே எஞ்சும். சிறு திருத்தம் இன்றியமையாததாயின், நீர்க்குழாய் இணைக்கப்பட்ட கருவியையும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பமைப்பையும் பயன்படுத்த வேண்டும். சாதாரண மின்கருவியின்மீது நீரை ஊற்றுதல் மின்தாக்குக்கு இடமாகும். தொழிலாளி நுண்துகள் வடிக்கும் முகமூடி அணிய வேண்டும். படிந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். குழந்தைகளும் ஆஸ்துமா உடையோரும் அருகில் இருத்தலாகாது.

பராமரிப்பு

ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, கரிய கல்லின்மேல் உலர்ந்து வெண்திட்டாகப் படியும். கிரானைட்டாயின் எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவலாம். சுண்ணாம்புக் கல்லாயின் அதே செயல் மெருகையே அழிக்கும். கழிவறைக்குரிய அமிலத் திரவங்களை எம்மேடையிலும் பயன்படுத்தலாகாது. துருநீக்கிகள் சிலவற்றில் உள்ள ஹைட்ரோபுளூரிக் அமிலம் குவார்ட்ஸையும் கரைக்க வல்லது, கைக்கும் பெருங்கேடு. இளஞ்சூடான நீரும் சிறிது சோப்பும் அன்றாடத் தூய்மைக்குப் போதும். நீரேற்கும் கல்லாயின் நீர்புகாப் பூச்சு இட்டு, அதனை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். காய் நறுக்கப் பலகையும், சூடான பாத்திரத்துக்குப் பிரிமணையும் வைத்தால் கல்லும் கத்தியும் நெடுநாள் உழைக்கும்.

தேர்வின் முறை

விவேக் நகரின் ஒரு சிறு வீட்டுக்கு இவையனைத்தையும் பொருத்திப் பார்க்கலாம். நீருறிஞ்சாத, எலுமிச்சைக்கு மங்காத, சாயமில்லாத டோலரைட் பலகை அமிலம், வெப்பம், கீறல் ஆகிய மூன்றையும் தாங்கும். குவார்ட்ஸ் குறைவாதலால் அறுப்போர்க்கும் தீங்கு குறைவு. ஆயினும் எக்கல்லின் தூசியும் நுரையீரலுக்கு நல்லதன்று. கரியகல்லையும் நீர்விட்டே அறுக்க வேண்டும். சன்னல் ஒன்றே உள்ள சமையலறையில் கருமை ஒளியை உண்டுவிடும். அங்கே நுண்மணிகள் கொண்ட சாம்பல்நிறக் கிரானைட் அல்லது நைஸ் பொருந்தும். அதனை நீர்விட்டு அறுப்பது இன்னும் இன்றியமையாததாகும். செலவு குறைக்க விரும்புவோர் அடித்தாங்கலுக்கும் தட்டுகளுக்கும் கடப்பைக்கல்லைக் கொண்டு, மேற்பரப்புக்கு மட்டும் கடினக்கல்லை வாங்கலாம்.

300 கோடி ஆண்டுகள் நிலைத்த கல் ஒரு குடும்பத்தின் வாழ்நாளுக்கு எளிதில் உழைக்கும். அதனை அறுத்துத் தரும் தொழிலாளியின் நுரையீரலுக்கு அத்தகைய உறுதி இல்லை. கல்லைத் தேர்பவர் கடைக்காரரிடம் விலையைக் கேட்கும்போதே, ‘நீர்விட்டு அறுப்பீர்களா?’ என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்பாராயின், தேர்வு முழுமை பெறும்.

வகுப்புக்கும் களப்பணிக்கும் உரிய பயிற்சிகள்

1. சலவைக்கல், கடப்பைக்கல், கிரானைட் ஆகியவற்றின் துண்டுகளைத் திரட்டி, எலுமிச்சைச் சாற்றுச் சோதனையை மாணவரைக் கொண்டு செய்வித்து, முடிவுகளை அட்டவணைப்படுத்துக.

2. உலர்ந்த கல் 820 கிராம். 24 மணி நேரம் நீரில் ஊறியபின் 828.2 கிராம். நீருறிஞ்சல் எத்தனை சதவீதம்? இக்கல் சமையல் மேடைக்கு ஏற்றதா? காரணம் கூறுக.

3. மாணவர் தத்தம் வீட்டில் சமைப்பவரின் முழங்கை உயரத்தையும் மேடையின் உயரத்தையும் அளந்து, வேறுபாட்டைக் குறித்து வருக.

4. களப்பணியாளர் தம் பகுதியிலுள்ள கல் அறுக்கும் இடங்களைக் கண்டு, நீர்விட்டு அறுத்தல், முகமூடி, தூசி அகற்றும் முறை ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. நாட்பட்ட இருமலும் மூச்சிரைப்பும் உள்ள தொழிலாளரை, அவர் செய்யும் தொழிலைக் குறிப்பிட்டு, அரசு மருத்துவமனைக்கு அனுப்புக. தொழிலைக் குறிப்பிடாவிடில் சிலிக்கோசிஸ் காசநோய் என்றே கருதப்பட்டு மறைந்துபோதல் கூடும்.